ஜூலை வெயிலில் ஸ்டோனிஃபோர்ட்: கூடாரமும் மண்பாதை பைக்கும்

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ சமவெளிக்கு மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஈஸ்ட் பார்க் அணை. ஆர்லண்ட் பாசனத் திட்டத்துக்காக 1910-இல் கட்டி முடித்தது. பக்கத்து ஊர் ஸ்டோனிஃபோர்ட். அங்கிருந்து எம்10 சாலையில் மேற்கே ஏறினால் மெண்டசீனோ தேசிய வனத்தின் மண்பாதைகள். ஜூலைப் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சர்வ சாதாரணம். எனவே பொழுது விடிந்ததிலிருந்து பத்தரை வரைதான் வண்டி நேரம். பத்து மணிக்கு மேல் ‘இன்னும் ஒரு ஏற்றம்’ என்று கிளம்புகிறவர்களைத்தான் பிறகு கயிறு கட்டி இழுத்து வர வேண்டியிருக்கும்.

கூடாரம் போடுவது அணையின் ஏரிக்கரையில். பாசன அணை என்பதால் கோடை ஏற ஏறத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும் கரைக்கு அடியில் சேறு. டிரெய்லரோடு இறக்கினால் அச்சு வரை புதையும். ஓக் மர நிழல் கிடைத்தால் விடாதீர்கள், பட்ட கிளைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

கூடார முளைகளை ரப்பர் சுத்தியலால் அடியுங்கள். 2018 ஜூலையில் இந்த மலைகளில் நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த ‘ராஞ்ச்’ தீ, குளவிக் கூட்டை அடைக்க ஒருவர் இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தபோது தெறித்த பொறியில் பிடித்தது. காய்ந்த புல் மேல் வண்டியைச் சாய்த்து நிறுத்துவதும் அதே ரகம்தான்: சைலன்சர் சூடு போதும். தீப்பொறித் தடுப்பான் இல்லாத சைலன்சரோடு வனத்துக்குள் ஓட்டக் கூடாது. சத்த வரம்பு 96 டெசிபல்.

குடிநீர் கையோடு போக வேண்டும்: சமையலும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர். ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாம் என்ற கணக்கு கோடையில் செல்லாது. நீலப்பச்சைப் பாசி பூத்துவிட்டால் அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பச்சைப் பெயிண்ட் கொட்டியது போல மிதந்தால் குளிக்கவும் இறங்காதீர்கள். ஐஸ்பெட்டி இரண்டு வேண்டும், குடிக்க ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. ஒன்றே என்றால் ஆளாளுக்குத் திறந்து மூடி, இரண்டாம் நாளே தயிர் புளித்துவிடும்.

பாதையில் புழுதி மாவு மாதிரி. முன்வண்டிக்கு ஒரு நிமிட இடைவெளி விடுங்கள். எண்ணெய் தோய்த்த மாற்று ஃபோம் ஏர் ஃபில்டர், நாளைக்கு ஒன்று வீதம், ஜிப் பையில் இருக்கட்டும். பழையதைக் கழற்றியதும் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் சரி. மண் கோடு ஒட்டினால் ஃபோமின் விளிம்பு சரியாக உட்காரவில்லை, இன்ஜின் மண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

டயர் காற்றைக் காலைக் குளிரிலேயே பாருங்கள். 13 பிஎஸ்ஐ வைத்தால் சூட்டில் 16 வரை ஏறும். ஏறியதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை முதல் கல்லிலேயே டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சர். செங்குத்து ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஓட்டினால் தட்டுகள் சூடேறி உப்பும், லீவர் தொளதொளவென்றாகும். அப்போது கேபிளை முறுக்காதீர்கள். ஆறட்டும், தானே பழைய நிலைக்கு வரும். சூட்டோடு இறுக்கினால் ஆறிய பின் கிளட்ச் வழுக்கும். ரேடியேட்டர் கொதித்தாலும் இதேதான்: நிழல், அரைமணி, அதற்குப் பிறகே மூடியைத் திறக்கலாம்.

ஓட்டுபவருக்கு முதுகுப் பையில் மூன்று லிட்டர், ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது வெப்பத் தாக்கு, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும்கூட. ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இருக்கிற தண்ணீர் முழுவதையும் மேலே கொட்டி விசிறுங்கள். ஏரி பக்கத்தில் இருந்தால், தலையை ஒருவர் தாங்கிக்கொள்ள, கழுத்து வரை முக்குங்கள். மலைக்குள் கைப்பேசியை நம்ப முடியாது. இன்னொருவர் அதே நேரத்தில் செயற்கைக்கோள் கருவியில் எஸ்ஓஎஸ் அழுத்தட்டும்.