மருந்து எங்கே போனது?

எங்கள் ஊர்ப் பக்கம் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்து என்பார்கள். "கரும்புக்கு மருந்து ஊத்தியாச்சு, பருத்திக்கு மருந்து அடிச்சாச்சு." ஆய்வகத்தில் சேர்ந்து, தண்ணீரில் கலந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காமா கதிரால் சிதைக்கும் வேலை என் கைக்கு வந்தபோதும் என் வாயில் மருந்து என்றுதான் வந்தது. சார் திருத்தவில்லை. நாலைந்து மாதத்தில் அவரும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்.

காமா சேம்பர் பார்க்க ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் மாதிரி இருக்கும். உள்ளே பல டன் ஈயக் கவசத்துக்கு நடுவில் காமா கதிரை வீசும் கோபால்ட் 60 பென்சில்கள், அதாவது உறையிட்ட உலோகக் குச்சிகள், வட்டமாக நிற்கும். சாம்பிளை மேலே வைத்து, நேரத்தைக் குறித்துப் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் போல மெல்லக் கீழே இறங்கும். நேரம் முடிந்ததும் மேலே ஏறி வரும். ஒரு வெளிச்சமும் தெரியாது. ஒரு கிலோகிரே (உள்வாங்கிய கதிரை அளக்கும் அலகு) வாங்கிய தண்ணீரின் சூடு கால் டிகிரிகூட ஏறியிருக்காது. பக்கத்துச் சுவரில் மாதாமாதம் நாங்கள் கையால் திருத்தும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கோபால்ட் 60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, வருடத்துக்கு 12 சதவீதம் வீரியம் குறையும். போன மாதம் பத்து நிமிடம் வைத்ததை இந்த மாதம் சில விநாடி கூடுதலாக வைக்க வேண்டும்.

"அந்தத் தண்ணியே கதிரியக்கமா ஆயிடாதா?" என்று அம்மா கேட்டார். இந்த வேலையைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. ஆகாது. கோபால்ட்டின் காமா கதிர்கள் 1.17, 1.33 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவை. தண்ணீரின் அணுக்கருவை மாற்ற அந்த ஆற்றல் போதாது. கோபால்ட்டும் உறைக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரை அது தொடுவதே இல்லை.

கதிர் நேராகப் போய் மருந்தை அடித்து உடைப்பதாகத்தான் நானும் முதலில் நினைத்திருந்தேன். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கலந்திருக்கும் மருந்தின் மேல் கதிர் படுவது மிக அபூர்வம். அடி முழுவதையும் தண்ணீர்தான் வாங்குகிறது. வாங்கி உடைகிற தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வெறிபிடித்த மூலக்கூறுத் துண்டும் எலெக்ட்ரானும் பிறக்கின்றன. ரேடிக்கல் எதிரே வரும் எதையும் பிய்க்கும். எலெக்ட்ரான் குளோரினைக் கழற்றுவதில் கெட்டி. ஒரு கிலோகிரே கொடுத்தால் ஒரு லிட்டரில் சுமார் 280 மைக்ரோமோல் ஹைட்ராக்சில் ரேடிக்கல் உருவாகும். அங்கே இருக்கும் மருந்து மூன்று மைக்ரோமோல்கூட இல்லை. ஒன்றுக்கு நூறு. கணக்கு போட்டுப் பார்த்த அன்று, இது நடந்தே தீரும் என்று தோன்றியது.

நடந்தது. அளக்கும் கருவியின் திரையில் மருந்துக்குரிய பீக், அதாவது மருந்தின் அளவைக் காட்டும் கூம்பு, ஒவ்வொரு டோஸுக்கும் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் தட்டையான கோடு. ஆறு வாரத்து டேட்டாவை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் எங்கம்மா?" என்றார்.

கதிர் காட்டாமல் இருட்டில் வைத்திருந்த குழாய்களை அன்றைக்குத்தான் அளந்தேன். அவற்றிலும் மருந்து பாதிக்கு மேல் குறைந்திருந்தது. குளோர்பைரிபாஸுக்குத் தண்ணீர் பிடிக்காது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது. எண்ணெய்ப் பசை போல, கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் பயன்படுத்தியது பிளாஸ்டிக் குழாய். மருந்து சிதையவில்லை, சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"தண்ணியில இல்ல. சரி. எங்க போச்சு?" என்றார் சார். திட்டவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு வார வேலையும் குப்பைக்குப் போனது. கண்ணாடிப் பாட்டிலுக்கும் டெஃப்ளான் மூடிக்கும் மாறினேன். ஒவ்வொரு முறையும் காலிப் பாட்டிலின் உட்சுவரை, ஒட்டிய மருந்தைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் ஊற்றிக் கழுவி, அந்தக் கழுவலையும் அளந்தேன். நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டு, அதன் தலையில் 'எங்கே?' என்று எழுதினேன்.

இந்த முறை பீக் உண்மையாகவே கதிரால் குறைந்தது. ஆனால் அது குறையும்போது பக்கத்தில் இரண்டு புதுப் பீக்குகள் முளைத்தன. ஒன்று மருந்து மூலக்கூறின் குளோரின் தாங்கிய வளையம் மட்டும் தனியாகக் கழன்ற ட்ரைகுளோரோபிரிடினால். இன்னொன்று குளோர்பைரிபாஸ் ஆக்சான். கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பூச்சியின் உடம்பிலும் நம் உடம்பிலும் நரம்பு நொதியை முடக்குவது இந்த ஆக்சான்தான். மூல மருந்தைவிடக் கடுமையானது. அரைகுறை டோஸில் நிறுத்திவிட்டு, "மருந்து போய்விட்டது" என்று சொல்லியிருந்தால், முன்பைவிட மோசமான தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று கொடுத்தவளாகியிருப்பேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. டோஸை ஏற்ற ஏற்ற அந்த இரண்டு பீக்குகளும் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கின. அவை இறங்கிய பிறகும் விடாமல் குளோரைடை எண்ணினேன். ஒரு மில்லிகிராம் குளோர்பைரிபாஸில் 0.3 மில்லிகிராம் குளோரின் இருக்கிறது. அது முழுக்க உப்பாக வெளியே வந்தால்தான் வளையத்திலிருந்து குளோரின் எல்லாம் கழன்றதற்குச் சாட்சி.

இதெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீரில். அப்புறம்தான் அவிநாசிப் பக்கம் ஒரு பெரியவரின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தேன். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அந்தத் தண்ணீரில் மருந்தை அளந்து கலந்து கதிர் காட்டினால், முன்பு ஆன டோஸைப்போல நான்கு மடங்கு ஆகியும் பீக் மிச்சம் நின்றது. கொங்கு நாட்டுக் கிணற்றின் கடினத் தண்ணீர் அது. அதில் உள்ள பைகார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிக்கலை வழியிலேயே மறித்துவிடுகிறது. வயலுக்குப் போட்ட யூரியா மண்ணில் நைட்ரேட்டாகிக் கிணற்றில் இறங்கியிருக்கிறது. எலெக்ட்ரான்களை அது விழுங்கிவிடுகிறது. மருந்து வந்து சேரும் வயலிலிருந்தேதான் அதைக் காப்பாற்றும் நைட்ரேட்டும் வருகிறது. இங்கே குளோரைடு எண்ணவும் வழியில்லை. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும் தண்ணீரில் 0.3-ஐ எங்கே தேடுவது?

அதனால், தோட்டத்துக்குத் தோட்டம் கதிர் இயந்திரம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருந்து சொற்பமாகவும் மற்றவை ஏராளமாகவும் இருக்கும் கிணற்றில் கதிரின் பெரும்பகுதி வீண். ஆலைக் கழிவுநீர் வாயில்தான் இதற்குச் சரியான இடம். தென்கொரியாவின் டேகுவில் சாயக் கழிவுநீரை நாளைக்கு 10,000 கன மீட்டர் வீதம் எலெக்ட்ரான் கற்றையால் சுத்திகரித்துக் காட்டினார்கள். சீனாவின் குவாங்டாங்கில் 2020-இல் நாளைக்கு 30,000 கன மீட்டர் கையாளும் நிலையம் வந்தது. அங்கே கோபால்ட் கிடையாது, மின்சாரத்தால் எலெக்ட்ரான்களை வேகமேற்றிப் பாய்ச்சும் முடுக்கிதான். சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். மருந்து தயாரிக்கும் ஆலைகளின் கழிவுக்கும் இதே வழியில் வேலை செய்ய முடியும் என்று நம்புகிறேன். கிணற்றுக்குக் கரி வடிகட்டி போதும். ஆனால் கரி மருந்தைப் பிடித்து வைக்கிறதே தவிர அழிப்பதில்லை. தீர்ந்த கரியை எங்கே கொட்டுகிறார்கள் என்று நான் எப்போதும் கேட்கிறேன்.

முடிவைச் சொல்லப் பெரியவரின் தோட்டத்துக்குத் திரும்பப் போனேன். அவர் கிணற்றில் இயல்பாக இருந்த மருந்து, குடிநீருக்கான இந்திய வரம்பான லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு வெகு கீழேதான் இருந்தது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப கதிரு பட்டா மருந்து எங்கதானுங்க அம்மிணி போவுது?"

"முழுசா உடைஞ்சா உப்பாவும் காத்தாவும் போயிருமுங்க ஐயா. பாதியில நிறுத்துனா வேற மருந்தாயிருமுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வேப்ப மரத்தடியில் இருந்த போர்க் குழாயைக் காட்டி, "குடிக்கறது அந்தத் தண்ணிங்க. அதையும் பாத்துச் சொல்லுங்க" என்றார். பையில் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் மீதம் இருந்தன. அவர் போய் மோட்டாரைப் போட்டார்.