செல் பாடம்: வெறுந்தாளில் வரைந்து வரைந்து தேறிய கதை

நேற்று ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முயற்சியில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது ஒரே கேள்வி. இலைச் செல்லின் பசுங்கணிகத்துக்குள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பு) இருக்கும் ரைபோசோம் (புரதம் கோக்கும் துகள்) எந்த வகை, பாக்டீரியாவில் இருக்கும் 70எஸ்ஸா, யூகேரியோட்களின் (உட்கரு உள்ள செல் கொண்டவை) 80எஸ்ஸா? தாவரம் யூகேரியோட், அப்படியானால் 80எஸ் என்று குறித்துவிட்டு வந்தேன். சரியான விடை 70எஸ். பசுங்கணிகத்தின் மூதாதை, வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட ஒரு பாக்டீரியா. அதனால்தான் அதற்கென்று வட்ட டிஎன்ஏ, இரட்டைச் சவ்வு, பாக்டீரியா வகை ரைபோசோம் எல்லாம். இது புரிந்திருந்தால் மனப்பாடமே தேவைப்பட்டிருக்காது.

இந்த முறை தினமும் காலையில் புத்தகத்தைத் திறக்காமல், வெறுந்தாளில் ஒரு புரதத்தின் பயணத்தை வரைந்தேன். சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் (செல்லுக்குள் விரிந்திருக்கும் சவ்வு வலை) மேல் ரைபோசோம் உட்கார்ந்து புரதச் சங்கிலியைக் கோக்கிறது. சங்கிலி வலைக்குள் இறங்குகிறது. ஒரு நுண்பை அதைச் சுமந்து, புரதத்தைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்பின் சிஸ் முகத்தில் (உள்வாங்கும் பக்கம்) சேர்க்கிறது. அங்கே அதன்மேல் சர்க்கரைகள் வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, புரதம் டிரான்ஸ் முகம் (வெளியனுப்பும் பக்கம்) வழியாக வேறொரு பையில் கிளம்புகிறது; அந்தப் பை செல்சவ்வோடு கலந்து அதை வெளியே கொட்டுகிறது. நாலைந்து நாள் வரைந்த பிறகுதான் கண்ணில் பட்டது: வலைக்குள் இறங்கியபின் அந்தப் புரதம் வேறெந்தச் சவ்வையும் துளைத்துக் கடப்பதில்லை. பைதான் மாறுகிறது! அன்றைக்கு இந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம், செல்லின் ஒவ்வொரு உறுப்புக்கும் எத்தனை சவ்வு என்று எண்ணுங்கள். பாதிக் கேள்விகள் இதிலேயே விழுந்துவிடும்.

- சவ்வு இல்லாதவை: ரைபோசோம், சென்ட்ரியோல்
- ஒற்றை: எண்டோபிளாச வலை, கோல்கை, லைசோசோம், பெராக்ஸிசோம், நுண்குமிழ்
- இரட்டை: உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். டிஎன்ஏ இருப்பதும் இந்த மூன்றில்தான்.

70எஸ் ரைபோசோமின் இரண்டு துண்டுகளான 50எஸ்ஸும் 30எஸ்ஸும் சேர்ந்தால் ஏன் 80 வரவில்லை என்று குழம்ப வேண்டாம். எஸ் என்பது எடை இல்லை, மையவிலக்கியில் சுழற்றும்போது படியும் வேகத்தின் அளவு. வடிவம் மாறினால் வேகமும் மாறும்.

ஆண்டுகளுக்கு ஒரு பார்வை போதும்: செல்லுக்குப் பெயரிட்ட ஹூக் 1665, உட்கருவுக்குப் பெயரிட்ட பிரவுன் 1831, செல் கோட்பாட்டைச் சொன்ன ஷ்லைடன் 1838, ஷ்வான் 1839. நுண்குழல்களின் அடுக்கு: சிலியா (செல்லின் மேலுள்ள நுண்ரோமம்) 9+2, அதாவது சுற்றி ஒன்பது தொகுதி, நடுவே இரண்டு குழல்; சென்ட்ரியோல் 9+0, நடுவே ஒன்றுமில்லை.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பேசும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், தனியாகப் பென்சிலை எடுத்தால்தான் ஓட்டை தெரியும். தேர்வு அறையிலும் முதல் வேலையாக வினாத்தாளின் ஓரத்தில் அந்தப் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டுத்தான் விடை எழுத ஆரம்பித்தேன்.