பூ மழை இரவில் நிரம்பிப்போன கார்டு: லாக் கோப்புகளைச் சுழற்றப் பழகிய ஆறு வாரம்

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. போன வருஷம் களத்தை ஒட்டிய கொட்டகையின் மேல் ஒரு தானியங்கி மழைமானி வைத்தேன். உள்ளே சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் குழிகள். ஒரு குழி நிரம்பினால் அந்தப் பக்கம் சாயும். சாயும்போது ஒரு காந்தம் சுவிட்சைக் கடக்கும், ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினி அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ஒரு சாய்வுக்கு 0.254 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. சித்தப்பா அதை ஒரு சென்ட் என்பார். அவருடைய மழை நோட்டு முழுக்க அங்குலமும் சென்ட்டும்தான், அதனால்தான் இந்த அளவு மானியைத் தேடி வாங்கினேன்.

எண்ணியதை ஒரு கோப்பில் எழுதுவது, அதை இணையம் வழியாகச் சேலத்தில் என் வீட்டுக்கு அனுப்புவது, இவ்வளவுதான் நான் பைத்தான் மொழியில் எழுதிய நிரலின் வேலை.

மார்ச் கடைசி, சனிக்கிழமை

வெள்ளி நள்ளிரவு தாண்டி பூ மழை பெய்தது. காப்பிக்கு வருஷத்தில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மழை இதுதான். காய்ந்து நிற்கும் மொட்டுகள் இந்த நனைப்பில்தான் விழித்து, எட்டு ஒன்பது நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும். சித்தப்பா காலை எட்டரைக்குப் புனல் மானித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் அளந்துவிட்டு போன் செய்தார். 1 அங்குலம் 12 சென்ட்.

"என்ன கண்ணு, உன் டப்பா எத்தன சென்ட்டுங்குது?"

மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்ததில் தோட்டத்துக்கு 20 நாளாக இணையம் இல்லை. "வந்து பாத்துச் சொல்றேங்க சித்தப்பா" என்று வண்டியை எடுத்தேன். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஈரமாக இருந்தது, வழியெல்லாம் மண் வாசனை. சேலத்தில் ஒரு துளி விழவில்லை.

டப்பா 9 சென்ட் என்றது. கடைசிப் பதிவு அதிகாலை 1.47. நிரல் சாகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எழுத முடியவில்லை. பையின் 16 ஜிபி மெமரி கார்டு நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. மழை விவரம் சில கிலோபைட் கேட்டிருக்கும், அதற்கும் இடம் இல்லை. வருஷத்தின் முக்கியமான மழை எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக விழுந்தது என்ற கணக்கு போனது போனதுதான். குவளையில் அளந்த மொத்தம் மட்டும் மிஞ்சியது.

அன்று மதியம், கொட்டகையில்

எது தின்றது என்று தேடினேன். நிரல் தான் செய்ததையும் பிழைகளையும் வரி வரியாக எழுதி வைக்கும் லாக் கோப்பு மட்டும் 4.3 ஜிபி. இணையம் இல்லாதபோது இரண்டு வினாடிக்கு ஒருமுறை மறுபடி முயற்சி செய் என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு தோல்விக்கும் பிழையின் முழு வரலாறு, கிட்டத்தட்ட 5 கிலோபைட், லாக்கில் இறங்கியது. நாளுக்கு 43,200 முறை, 216 எம்பி. இருபது நாள்.

அதோடு நிற்கவில்லை. அதே வரிகளைத் திரைக்கும் அனுப்பும்படி விட்டிருந்தேன். நிரல், பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக ஓடுவதால், திரைக்குப் போவதெல்லாம் அதன் பதிவேடான ஜர்னலுக்குப் போகும். நான் வைத்திருப்பது ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புல்ஸ்ஐ பதிப்பு. அதில் ஆர்சிஸ்லாக் என்ற பழைய பதிவாளரும் உண்டு. அது ஜர்னலில் வருவதை வாங்கி சிஸ்லாக் கோப்பில் ஒரு முறையும், டீமன் லாக் கோப்பில் இன்னொரு முறையும் எழுதும். ஆக ஒரே பிழை நான்கு இடத்தில். ஜர்னல் மட்டும் வட்டின் பத்தில் ஒரு பங்கோடு தன்னை நிறுத்திக்கொண்டது, அது அதன் இயல்பான வரம்பு. மற்ற இரண்டையும் வாரம் ஒருமுறை சுழற்ற, அதாவது பழையதை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோப்பில் தொடங்க, ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது. ஆனால் இந்த வாரமும் போன வாரமும் சுருக்கப்படாமல் கிடந்ததில் இரண்டும் சேர்ந்து 5 ஜிபியை ஒட்டிவிட்டன.

பதற்றத்தில் 4.3 ஜிபி கோப்பை அழித்தேன். வட்டில் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் இன்னமும் நூறு சதவீதம். கோப்புகள் பிடித்த இடத்தைக் கூட்டும் டியூ கொடுத்தால் அந்தக் கோப்பே கணக்கில் இல்லை. லினக்ஸில் அழிப்பது என்பது பெயரை எடுப்பது மட்டும்தான். ஒரு நிரல் கோப்பைத் திறந்து பிடித்திருக்கும்வரை வட்டில் அந்த இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பின்னால் கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று என்று சேர்த்துக் கொடுத்தால், பெயர் போயும் பிடி விடாத கோப்புகளைக் காட்டும். அதில் என் நிரலே முதல் வரி. சேவையை நிறுத்தித் துவக்கியதும் இடம் திரும்பியது. இனி ஓடும் நிரலின் லாக்கை நான் அழிக்கப்போவதில்லை. ட்ரன்கேட் கட்டளையால் அளவைச் சுழியமாக்கிவிடுவேன், கோப்பு அப்படியே இருக்கும், உள்ளே காலியாகும்.

அடுத்த வாரம், சேலத்தில் இரவுகள்

வீட்டில் அதே மாதிரி இன்னொரு ராஸ்பெரி பை வைத்து ஒத்திகை பார்த்தேன். கருவி லாக்ரொட்டேட். பழைய கருவி, லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே இருக்கும். இன்றைய கோப்புக்குப் பின்னால் ஒன்று என்று எண் சேர்க்கும், நேற்றைய ஒன்று இரண்டாகும், கடைசியில் நிற்பது வெளியே போகும். தினமும் சுழற்று, 14 வைத்துக்கொள், சுருக்கு, கோப்பு இல்லையென்றால் கோபப்படாதே, காலியாக இருந்தால் விட்டுவிடு என்று நாலைந்து வரி எழுதினேன். சுருக்குவதை ஒரு சுற்று தள்ளிப்போடும் டிலே கம்ப்ரஸ் வரியும் சேர்த்தேன், நேற்றையதைத் திறந்து பார்க்க வசதி.

எந்தக் கோப்புகள் என்ற இடத்தில், ஃபோல்டரில் லாக் என்று முடியும் எல்லாம் எனக் கொடுத்தேன். ஓட்டும் முன் ஒத்திகைக் கட்டளையை, டி விருப்பத்தோடு, கொடுத்துப் பார்த்தேன். அது எதையும் தொடாது, என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். சுழற்றப்போகும் பட்டியலில் மூன்றாவதாக மழைக் கோப்பு இருந்தது.

நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். மழை விவரத்துக்கும் ஆரம்பத்தில் லாக் என்றே வால் வைத்து, அதே ஃபோல்டரில் போட்டிருந்தேன். இந்த அமைப்பை மலையில் நேராகப் போட்டிருந்தால் பதினைந்து நாளில் ஒரு வருஷ மழை ஓசையில்லாமல் போயிருக்கும். சித்தப்பாவின் நோட்டும் லாக் தான், நிரலின் புலம்பலும் லாக் தான், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லை நம்பித்தான் இரண்டையும் ஒரே பானையில் போட்டிருக்கிறேன். ஒன்று காலத்துக்கும் இருக்க வேண்டியது, மற்றது இரண்டு வாரத்தில் போக வேண்டியது. இதைப் பிரிக்காமல் சுழற்சி பற்றி யோசிக்கவே கூடாது என்பேன்.

அன்றே பிரித்தேன். மழை விவரம் வேறு ஃபோல்டருக்கு, மாதத்துக்கு ஒரு கோப்பு, வால் சிஎஸ்வி. சுழற்சி அமைப்பில் எல்லாம் என்ற குறியை எடுத்துவிட்டு ஒவ்வொரு கோப்பின் பெயரையும் முழுசாக எழுதினேன். மழைக் கோப்புக்கு ஒரு நகல் வாரம்தோறும் யூஎஸ்பி டிரைவுக்குப் போகிறது.

ஒத்திகையில் இன்னும் இரண்டு விஷயம் பிடிபட்டது. மேக்ஸ் சைஸ் என்று 20 எம்பி வரம்பு கொடுத்தேன், அதைத் தாண்டினால் நாள் முடியும் முன்பே சுழற்ற வேண்டும். சுழற்றவில்லை. ஏனென்றால் லாக்ரொட்டேட் பின்னணியில் உட்கார்ந்து காவல் காப்பதில்லை, டைமர் எழுப்பும்போதுதான் வந்து பார்க்கும், அந்த டைமர் நாளுக்கு ஒருமுறை. மணிக்கு ஒருமுறை என மாற்றிய பிறகுதான் வரம்புக்குப் பொருள் வந்தது.

இன்னொன்று என்னை இரண்டு இரவு பிடித்தது. ஈரப்பதம் படிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று தனியாக ஓடுகிறது. அதன் லாக்கை காப்பி ட்ரன்கேட் முறையில் சுழற்றினேன், அதாவது நகல் எடுத்துக்கொண்டு அசலைக் காலி செய்வது. காலி செய்த அடுத்த வினாடி, கோப்பின் அளவைக் காட்டும் எல்எஸ் கட்டளையில் பார்த்தால் மறுபடி 180 எம்பி! டியூ பார்த்தால் சில கிலோபைட். திறந்தால் முன்பகுதி முழுக்க வெற்று எழுத்துகள். ஸ்கிரிப்டின் வெளியீட்டை ஒற்றை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பியிருந்தேன். அப்படித் திறந்த கோப்பில் எழுதுபவர் தான் விட்ட இடத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பார். அடியில் தாளைக் கிழித்தாலும் 180-வது எம்பியிலிருந்துதான் தொடர்வார். நடுவில் உள்ளது ஓட்டை. இரட்டை அம்புக்குறி போட்டதும் சரியாயிற்று, அது எப்போதும் கோப்பின் கடைசியைத் தேடிப் போய் எழுதும். பைத்தானின் லாக் கோப்புகள் இயல்பாகவே அப்படித்தான் திறக்கின்றன.

ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு

பூத்து முடிந்திருந்தது. நாகலூரில் இறங்கியதும் பழுப்பாய் வாடிய பூக்களின் வாசம் இன்னும் மிச்சம் இருந்தது. சித்தப்பா, நிழலுக்கான சில்வர் ஓக் கிளைகளைக் கழிக்க ஆள் விட்டிருந்தார். கீழே காப்பி, மேலே நிழல் மரம், அதன்மேல் மிளகுக் கொடி. எந்தக் கிளை போக வேண்டும் என்று ஆளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையில் அமைப்பை ஏற்றினேன்.

முதலில் வரத்தைக் குறைத்தேன். சுழற்றுவது வருவதை அள்ளிக் கொட்டும் வேலை. வருவதே குறைவாக இருந்தால் நல்லது. இணையம் போனால் இப்போது முதல் தோல்விக்கு மட்டும் முழு வரலாறு எழுதும். அப்புறம் 2 வினாடி, 4, 8 என்று இரட்டித்து, 15 நிமிட இடைவெளியில் நின்று முயற்சி செய்யும், அமைதியாக. இணைப்பு திரும்பியதும் எவ்வளவு நேரம் இல்லை என்று ஒரே வரி. திரைக்கு அனுப்புவதை நிறுத்தினேன், மூன்று நகலும் அத்தோடு போயின. ஜர்னலுக்கு 100 எம்பி என்று நானே வரம்பு வைத்தேன்.

முதன்மை நிரலின் லாக்கை மட்டும் லாக்ரொட்டேட்டிடம் கொடுக்கவில்லை. ஒரு கோப்பை இருவர் சுழற்றக் கூடாது, பைத்தானே இதைச் செய்யும். நேரக்கணக்கில் சுழற்றும் டைம்டு ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரில், நள்ளிரவுக்குப் பதில் எந்த நேரத்தில் என்று சொல்ல இடம் உண்டு. காலை 8.30 என்று கொடுத்தேன். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் 8.30-க்குத்தான் முடிகிறது, சித்தப்பாவின் நாளும் அதுவே. இப்போது ஒரு லாக் கோப்பு என்றால் ஒரு மழை நாள். ஒரே ஒரு உறுத்தல்: கோப்பின் பெயரில் நாள் தொடங்கிய தேதி வரும், நோட்டில் முடிந்த தேதி இருக்கும். பெயரை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் பழையதை நீக்கும் பகுதி பெயரின் வடிவத்தைப் பார்த்துத்தான் தேடுகிறது, அதில் கை வைத்தால் நீக்காமல் விட்டுவிடும் அபாயம். எனவே டப்பாவின் மூடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன்: நோட்டுத் தேதிக்கு முந்தைய நாள் கோப்பைப் பார்க்கவும்.

எத்தனை நாள் வைப்பது என்பதையும் மறக்காமல் கொடுங்கள். பேக்கப் கவுண்ட் என்ற எண்ணைச் சுழியமாக விட்டால் நேரக்கணக்கு ஹேண்ட்லர் சுழற்றும், ஆனால் எதையும் நீக்காது. அளவுக்கணக்கு ஹேண்ட்லர் அதே சுழியத்துக்குச் சுழற்றவே சுழற்றாது. நான் 14 வைத்திருக்கிறேன்.

கடிகாரம்தான் மிச்சம். என் ராஸ்பெரி பையில் பேட்டரி கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்து, இணையமும் இல்லையென்றால் பழைய நேரத்தில்தான் எழும், அப்போது எட்டரை எது என்று அதற்கே தெரியாது. டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை நாணய பேட்டரியோடு பொருத்தினேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டபோது நேரம் சரியாக இருந்தது.

மே முதல் வாரம்

கேபிள் மறுபடியும் ஒரு ராத்திரி போனது. 11 மணி நேரம். லாக்கில் ஒரு பிழை வரலாறு, ஒரு முடிவு வரி. லாக் ஃபோல்டர் முழுவதும் 3 எம்பி.

அந்த ராத்திரியே மழையும் வந்தது. காலையில் நோட்டில் 66 சென்ட், டப்பாவில் 64. வேகமாகப் பெய்யும்போது குழி சாயும் கணத்தில் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் வராமல் போகும், இந்த அளவு வித்தியாசம் எனக்குச் சம்மதம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சித்தப்பா கேட்டார். 11.20 என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டில் 66-க்குப் பக்கத்தில் "இரவு 11.20 முதல்" என்று எழுதினார்.