பெயின்டைப் பார்த்து மொறிஸ் மைனர் வாங்காதேங்கோ

திருகோணமலைக் கடற்கரையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வருஷக்கணக்காய் ஓடாமல் நின்ற பழைய மொறிஸ் மைனர் கார் மலிவாய் வந்தால், முதலில் கீழே படுத்து ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கோ. பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், கதவுக்குக் கீழ்ப் பெட்டி, ஜக் வைக்கிற குறுக்குச் சட்டத்தின் முனை. உப்புக்காற்று இந்த மூன்றையும் உள்ளிருந்துதான் தின்னும். ஸ்க்ரூ ட்ரைவர் முனை உள்ளே இறங்கினால் வெல்டிங் செலவைக் கழித்து விலை பேசுங்கோ. காந்தம் ஒட்டாத இடமெல்லாம் தகரமில்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி. அடுத்த மாரிக்குத் தாங்காது.

1962 கடைசியிலிருந்து வந்த 1098 சிசி வண்டி கிடைத்தால் விடாதேங்கோ. முன் பிறேக் டிரம் 8 அங்குலம், அதற்கு முந்தியதில் 7தான்.

முதல் காசு பிறேக்குக்கு. பிறேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், நின்ற காரில் வீல் சிலிண்டர் துருவேறி இறுகும். உட்சுவரில் நகம் தடக்கினால் ரப்பர் கிற் மாற்றிப் பயனில்லை, மறுபடி ஒழுகும். சிலிண்டரையே மாற்றுங்கோ. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகரத்துக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் (யார் யோசித்த இடமோ!), கழற்ற ஒரு நாள் வையுங்கோ.

எஞ்சினை உடனே ஸ்டார்ட் அடிக்க வேண்டாம். பழைய பெற்றோலை வடித்து, நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு இரவு ஊறிய பிறகு ஹேண்டிலால் மெதுவாய்ச் சுற்றுங்கோ.

பற்றரியில் பொசிற்றிவ்தான் பொடிக்கு (காரின் உடல் தகரத்துக்கு). இடையில் யாரும் மாற்றினார்களா என்று பார்த்துக் கொழுவுங்கோ.

முன் சில்லின் கீழ் ட்ரனியன் (சில்லைத் தாங்கித் திரும்பவிடும் மரை மூட்டு) கிறீஸ் காணாமல் மரை தேய்ந்தால், ஓடும்போதே சில்லு மடிந்து விழும். ஜக்கில் தூக்கி ஆட்டிப் பார்க்காமல் றோட்டில் இறக்காதேங்கோ.