மண்பானைக்குள் அடை முட்டை

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் இப்போது முட்டையிடுவது 2 நாட்டுப் பெட்டைகள்தான். இரண்டும் சேர்ந்து நாளுக்கு ஒரு முட்டை கிடைத்தால் பெரிது. 12 முட்டை சேர்த்து அடை வைக்க ஏறக்குறைய 2 வாரம் ஆகிவிடுகிறது. அந்த 2 வாரம் முட்டையை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல்.

அம்மா எப்போதும் கேழ்வரகுக் குதிருக்குள் புதைத்து வைப்பார். மார்ச்சில் நானும் அப்படியே செய்தேன், ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி மட்டும் எழுதினேன். அடை வைத்த ஏழாம் நாள் இரவு, அட்டைச் சுருளை செல்போன் டார்ச்சில் பொருத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல முட்டையில் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடும், நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். 5 முட்டைகளில் நரம்பே இல்லை, சிவப்பாக ஒரு வளையம் மட்டும். கரு தொடங்கிச் செத்ததன் அடையாளம் அது. தேதியைப் பார்த்தால் ஐந்தும் முதலில் இட்ட முட்டைகள்! 2 முட்டையில் கருவே கூடவில்லை. கடைசியில் பொரித்தவை 4 குஞ்சு.

குதிருக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். மேலே தகரக் கூரை, மதியம் 33 டிகிரி, விடியற்காலை 25. முட்டை வெளியே வரும்போதே கருவில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். 20 டிகிரிக்கு மேல் போகப் போக அது அரைகுறையாக வளரத் தொடங்கும், அப்புறம் நலிந்துவிடும். குஞ்சுப் பொரிப்பகங்களில் 15 முதல் 18 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் வைப்பது இதனால்தான். வீட்டு பிரிட்ஜ் 4, 5 டிகிரிக்குப் போய்விடும், கருவுக்கு அது ஆகாது.

ஏப்ரலில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஆற்று மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வேப்பமர நிழலில், மேலே ஈரச் சாக்கு. வெளியே 36 இருந்த மதியத்தில் உள்ளே 24. நம் கோடையில் பானை அதற்குக் கீழே இறங்கவில்லை. முதல் 2 நாளில் பானைச் சுவரை ஒட்டியிருந்த முட்டைகள் வேர்த்திருந்தன. ஓட்டில் ஈரம் படிந்தால் கிருமி உள்ளே இறங்கும். உடனே அடியில் காய்ந்த வைக்கோல் பரப்பி, அட்டைத் தட்டில் கூர்முனை கீழாக அடுக்கினேன். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும் என்பதால் கழுவவே இல்லை, எச்சம் ஒட்டியதை மட்டும் காய்ந்த துணியால் துடைத்தேன்.

24 டிகிரியை நம்பி 2 வாரம் வைக்க மனம் வரவில்லை. ஏழாம் நாளே இருந்த 7 முட்டையையும் வைத்துவிட்டேன்.

“ஏழு முட்டைக்கா ஒரு கோழியை 21 நாள் உட்கார வைப்பே?” என்றார் அம்மா.

6 குஞ்சு வந்தது. பானையாலா, நாள் குறைந்ததாலா என்று இந்த ஒரு ஈட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 12 வைத்து 4 எடுப்பதைவிட 7 வைத்து 6 எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது பானையில் 4 முட்டை இருக்கிறது. கறுப்புப் பெட்டை நேற்றிலிருந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூடையை விட்டு எழ மாட்டேன் என்கிறது. இன்னும் 2 முட்டை கிடைத்தால் வைத்துவிடுவேன்.