ஏழு தாளில் ஜேம்ஸ் பாண்ட்: உரிமைக் கோட்டுப்படம், மூன்றாவது பதிப்பு

அமேசான் கைக்குப் போன பாண்ட் படங்கள் இனி எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, 1962 முதல் நடந்ததை அளவெடுத்து வரைந்து பார்க்கலாம் என்று தொடங்கிய வேலை இது. முதல் இரண்டு பதிப்பும் தேறவில்லை. எங்கே சறுக்கியது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல் பதிப்பு எக்செல். ஈயான் நிறுவனம் எடுத்த 25 படங்களுக்கு 25 வரிசை. பெயர், வெளியான தேதி, முந்தைய படத்திலிருந்து எத்தனை நாள். 1967-ல் வந்த கேலிப்படத்தையும் 1983-ல் ஷான் கானரி திரும்ப வந்து நடித்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தையும் சேர்க்கக் கூடாது. இரண்டையும் எடுத்தது வேறு ஆட்கள்.

தேதியில்தான் முதல் அடி. ‘டாக்டர் நோ’ 1962 அக்டோபர் 5. அதை 5/10/1962 என்று அடித்தால், அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செல் மே 10 என்று எடுத்துக்கொள்ளும், முணுமுணுக்கக்கூடச் செய்யாது. 13/6/1989 மாதிரி 12-க்கு மேல் போகும் நாளைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். 1962-10-05 என்று ஆண்டை முன்னால் போட்டு அடித்தால் இரண்டு தொல்லையும் இல்லை. லண்டன் முதல் காட்சியா, அமெரிக்க வெளியீடா என்பதையும் ஒன்றாக முடிவு செய்து கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும். இங்கே எல்லாம் லண்டன் தேதி.

அடுத்தது சராசரி. 24 இடைவெளிக்குச் சராசரி ஏறக்குறைய 29½ மாதம். ‘நோ டைம் டு டை’ 2021 செப்டம்பர் 28-ல் வந்தது. அதோடு கூட்டினால் அடுத்த படம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும்! முதல் 16 படங்கள் சராசரியாக 21 மாதத்துக்கு ஒன்று வந்தன. 1995-க்குப் பிறகு 39 மாதத்துக்கு ஒன்று. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால் எதற்கும் உதவாது.

இரண்டாம் பதிப்பில் நடிகர்வாரியாக ஆறு நிறம். பார்க்க அழகு, பயன் இல்லை. 1989-லிருந்து 1995 வரை விழுந்த பெரிய ஓட்டை, டிமோத்தி டால்டன் போய் பியர்ஸ் பிராஸ்னன் வந்ததால் விழுந்த மாதிரி தெரியும். டால்டன் விலகியது 1994 ஏப்ரலில். அதற்குள் ஓட்டைக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. பாண்ட் படங்களுக்குக் காசு போட்டுவந்த ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம்மை பாத்தே என்ற நிறுவனம் வாங்கிய விவகாரத்தில், பழைய படங்களின் தொலைக்காட்சி உரிமை தொடர்பாக டான்ஜாக் போட்ட வழக்குதான் வண்டியை நிறுத்தியது. வழக்கு 1992-ல் சமரசமானது. பாண்ட் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் டான்ஜாக். படம் எடுக்கும் கை ஈயான்.

ஆக, மூன்றாம் பதிப்பு காகிதத்தில். ஒரு மாதத்துக்கு 2 மி.மீ. 1962 அக்டோபர் 1-லிருந்து 2035 ஜனவரி 1 வரை 867 மாதம், அதாவது 1734 மி.மீ. ஏ4 தாளைப் படுக்கவைத்து 10 மி.மீ. ஒட்டுக்கு விட்டால் ஆறு தாளில் 1732 கிடைக்கும். சரியாக ஒரு மாதம் குறையும்! ஏழாவது தாள் வேண்டும். ஒட்டுவதற்குப் பசைக் குச்சியே போதும். தண்ணிப் பசை காகிதத்தை இழுத்து, நாலாவது தாளுக்குள் அளவைக் கெடுத்துவிடும்.

2035 வரை எதற்கு என்றால், பாண்ட் நாவல்களை எழுதிய இயன் ஃபிளெமிங் இறந்தது 1964. பிரிட்டனில் பதிப்புரிமை இறப்புக்குப் பின் 70 ஆண்டு என்பதால் 2035 ஜனவரி 1 அன்று நாவல்கள் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து ஆகின்றன. இந்தியாவில் 60 ஆண்டுதான் என்பதால் 2025 ஜனவரி 1-லேயே ஆகிவிட்டன. அமெரிக்காவில் முதல் நாவலுக்கே 2049. விடுபடுவது நாவலில் இருப்பது மட்டும். வில்லன் புளோஃபெல்ட் மடியில் இருக்கும் வெள்ளைப் பூனை சினிமா சேர்த்தது. பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரும் அப்படியே, ‘கோல்ட்ஃபிங்கர்’ நாவலில் ஓடுவது டிபி மார்க் 3.

தாளில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டை: காசு போடுபவர், முடிவெடுப்பவர். மேல் பட்டைக்கு 12 நிற ஸ்கெட்ச் பேனா டப்பா கிட்டத்தட்டக் காலியாகும். யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1981-ல் எம்ஜிஎம், பாத்தே, பிறகு கடன் கொடுத்த பிரெஞ்சு வங்கி, 2005-ல் சோனி தலைமையிலான கூட்டு, 2010-ல் திவால் நடவடிக்கை, 2022 மார்ச்சில் அமேசான். கீழ்ப் பட்டை 1962 முதல் ஒரே நிறம், ஈயானை நடத்திய பிராக்கோலி குடும்பம். தொடக்கத்தில் ஹாரி சால்ட்ஸ்மேன் பங்காளியாக இருந்தார். 1975-ல் தன் பாதியை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடம் விற்றுவிட்டுப் போனார்.

இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தவுடன் படம் பேச ஆரம்பிக்கிறது. 1989, 2008-க்குப் பின் வந்த ஓட்டைகளுக்கு நேர் மேலே காசுப் பட்டை நிறம் மாறுகிறது. கீழே அசைவே இல்லை. 2025 பிப்ரவரி 20-ல் முதல்முறையாகத் தலைகீழ்: மேலே அதே அமேசான், கீழே நிறம் மாறுகிறது. குடும்பத்தின் தயாரிப்பாளர்களான பார்பரா பிராக்கோலியும் மைக்கேல் வில்சனும் கூட்டு உரிமையாளர்களாக நீடிக்கிறார்கள், படைப்பு முடிவு அமேசான் எம்ஜிஎம்மிடம். குடும்பம் போய்விட்டது என்று முழுக்க நிறம் மாற்றுவது தவறு. கீழ்ப் பட்டையைக் குறுக்கே பிளந்து பாதிக்குக் கோடு போட வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தேடினால் கிடைப்பது 1975 ஒன்றுதான். அப்போது 1974 டிசம்பருக்கும் 1977 ஜூலைக்கும் நடுவே 30½ மாதம் போனது. ஆனால் அன்று முடிவெடுக்கும் இருவரில் ஒருவர் மிஞ்சினார். இப்போது மிஞ்சவில்லை. அதனால் அந்த 30½-ஐ இங்கே ஒட்ட வைப்பது சரியில்லை. இனி காசுக்காரரும் கதைக்காரரும் மோதி வண்டி நிற்க வாய்ப்பு குறைவு. ‘வேண்டாம்’ என்று சொல்ல வெளியாள் இல்லாததும் அதே ஒப்பந்தத்தில் வந்ததுதான். கிளைத் தொடர், வலைத்தொடர் என்று பெருகினால் இந்தக் கோட்டுப்படத்தில் இடம் போதாது.

இப்போது பென்சிலில் இருப்பவை, அடுத்த படத்துக்கு அறிவித்த பெயர்கள்: 2025 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன், ஜூனில் இயக்குநர் டெனி வில்னேவ், ஜூலை கடைசியில் எழுத்தாளர் ஸ்டீவன் நைட். வில்னேவின் மூன்றாவது ‘டூன்’ 2026 டிசம்பர் 18-க்குக் குறித்திருக்கிறது, அதற்கும் ஒரு புள்ளி.

சிவப்பில் ஒரே ஒரு கோடு, 2028 மார்ச் 7. 1989-லிருந்து 1995 வரை ஆன 2352 நாளை ‘நோ டைம் டு டை’ தேதியோடு கூட்டினால் அங்கே வந்து நிற்கும். அதைத் தாண்டினால் இதுவே மிக நீண்ட இடைவெளி. ‘ஸ்கைஃபால்’, ‘ஸ்பெக்டர்’ இரண்டும் படப்பிடிப்பு தொடங்கி ஏறத்தாழ 11 மாதத்தில் திரைக்கு வந்தன. சிவப்புக் கோட்டிலிருந்து பின்னால் 22 மி.மீ. அளந்தால் 2027 ஏப்ரல் தொடக்கம். படப்பிடிப்புத் தேதி வந்ததும் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துவிட்டு மைபோட வேண்டியதுதான் பாக்கி.