மூன்று துறை, ஒரே பட்டியல்: பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்த அனுபவம்

உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில், பல்கலைக்கழகப் பிரிவில் ஆய்வுக்கு 30 விழுக்காடு எடை. அதில் பெரும்பகுதி கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் போகிறது. இந்த இரண்டையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்தே எடுக்கிறார்கள். பல்கலைக்கழகம் அனுப்பும் பட்டியலிலிருந்து அல்ல. அங்கே பெயர் பிசகியிருந்தால் கட்டுரை இருந்தும் இல்லாத கணக்குத்தான். அதனால் பொருளியல், பொறியியல், கணினி அறிவியல் துறைகளின் வெளியீடுகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது, முதல் வேலை பட்டியல் போடுவதாக இல்லை. பெயர்களைச் சரிசெய்வதாக இருந்தது. மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இதற்கே போகும்.

முதலில் நிறுவனத்தின் பெயர். ஸ்கோபஸில் சரிபார்க்கப்பட்ட நிறுவனப் பக்கத்துக்கு 60 என்று தொடங்கும் 8 இலக்க எண் இருக்கும். அதற்கு வெளியே, பெயரை மாற்றி எழுதியவர்களாலும் துறையின் பெயரை மட்டும் போட்டவர்களாலும் உருவான உதிரிப் பக்கங்கள் கிடக்கும். ஊர்ப் பெயரைக் கொண்டு தேடினால் இவை அகப்படும். இணைப்புக் கல்லூரிகள் தனிச் சிக்கல். வேலை ஒரு சுயநிதிக் கல்லூரியில், பிஎச்டி பதிவு இணைப்புப் பல்கலைக்கழகத்தில் என்றிருப்பவர் இரண்டையும் ஒரே முகவரி வரியில் எழுதிவிடுவார். கட்டுரை யார் கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது. இரண்டு முகவரியையும் தனித்தனி வரியாகத் தரவேண்டும். கட்டுரையின் பிடிஎஃபில் அச்சாகியிருப்பதுதான் ஆதாரம். அதில் இல்லாத முகவரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் தரவுத்தளம் ஏற்காது.

அடுத்து ஆட்களின் பெயர். குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் நம் தலைப்பெழுத்துப் பெயர் ஒருபோதும் ஒரே மாதிரி விழாது. எஸ். கார்த்திக் என்பவர் ஓர் இதழில் ‘கார்த்திக், எஸ்.’, இன்னொன்றில் ‘எஸ்., கார்த்திக்’, மூன்றாவதில் அப்பா பெயரை விரித்து ‘சுப்பிரமணியன், கார்த்திக்’. மூன்றும் மூன்று ஆய்வாளர்களாகிவிடும். இதற்கு நேர்மாறாக, ஒரே பெயர் கொண்ட இருவரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் கலந்தும் கிடக்கும். ஸ்கோபஸில் பக்கங்களை இணைக்கக் கட்டணம் இல்லை. ஆனால் இணை ஆசிரியர்களையும் பொருளையும் பார்க்காமல் இணைக்கக் கூடாது. இணைத்ததைப் பிரிப்பது இணைப்பதைவிடக் கடினம்.

ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்சிட் எண்ணை எல்லோரிடமும் கட்டாயம் வாங்குங்கள். 16 இடங்கள், கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம், எக்ஸ் என்ற எழுத்தாகவும் வரலாம். எக்செலில் இடைக்கோடு இல்லாமல் தட்டினால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். எக்செலின் சேட்டை இதோடு முடிவதில்லை. 3-5 என்ற பக்க எண் தேதியாகும்; 13 இலக்க ஐஎஸ்பிஎன் 9.78E+12 என்று சுருங்கும். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக எல்லா நிரலையும் டெக்ஸ்ட் என்று வைத்துத் திறந்தால் தப்பிக்கலாம்.

இரண்டு தரவுத்தளங்களிலும் எடுத்ததைச் சேர்க்கும்போது, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாளமான டிஓஐ எண்தான் சாவி. அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் கிடையாது. ஆனால் எக்செலைத் தவிர்த்து புரோகிராம் எழுதி ஒப்பிட்டால் அந்தப் பேதம் வந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, முன்னால் ஒட்டியிருக்கும் இணைய முகவரியையும் வெட்டிவிட்டு ஒப்பிட வேண்டும். டிஓஐ இல்லாதவற்றுக்குத் தலைப்பு, ஆண்டு, முதல் ஆசிரியர் மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். திருத்தக் குறிப்புகளுக்கும் தனி டிஓஐ உண்டு. வகை நிரலைப் பார்த்து நீக்காவிட்டால் ஒரு கட்டுரை இரண்டாகும்.

துறைகளுக்கு வருவோம். பொருளியலை ஸ்கோபஸை மட்டும் வைத்து அளப்பது அநியாயம். அங்கே ஆய்வு முதலில் பணித்தாளாக, அதாவது இதழில் வருமுன் சுற்றுக்கு விடும் வரைவாக, வெளிவரும். இதழில் அச்சேற ஆண்டுகள் ஆகும், இடையில் தலைப்பே மாறியிருக்கும். பணித்தாள்களுக்கு, பொருளியல் வெளியீடுகளின் இணையத் தொகுப்பான ரெபெக் தான் இடம். 1997 முதல் இயங்கும் இந்த அமைப்பில் ஆய்வாளர் தாமே பதிந்து, தம் தாள்களை உரிமை கோரி, நிறுவனத்தையும் குறிக்க வேண்டும். பதியாதவர் நிறுவனத்தின் கணக்கில் வரமாட்டார். துறைக்குச் சொந்தப் பணித்தாள் வரிசை இருந்தால் மூன்றெழுத்துக் குறியீடு வாங்கி, எளிய உரைக் கோப்புகளாகவே விவரங்களைச் சொந்தச் சேவையகத்தில் வைக்கலாம், கட்டணமில்லை. இன்னொன்று: பொருளியலில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் போடும் வழக்கம் உண்டு. முதல் ஆசிரியருக்கு மட்டும் மதிப்பெண் என்று உள்விதி வைத்தால் ஆங்கில டபிள்யூவில் பெயர் தொடங்குபவர் காலமெல்லாம் நஷ்டப்படுவார்.

கணினித் துறையில் ஒரே ஆய்வு ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் முதலில் இடும் முன்பதிப்பு, மாநாட்டுக் கட்டுரை, விரித்த இதழ்க் கட்டுரை என மூன்று உருவில் வரும். பின்னிரண்டையும் தனித்தனியாக எண்ணலாம், 10.48550 என்று தொடங்கும் ஆர்க்கைவ் டிஓஐயை எண்ணக் கூடாது. ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க, கணினி அறிவியல் வெளியீடுகளின் தரவுத்தளமான டிபிஎல்பி நல்ல துணை. பெயருக்குப் பின் 0001, 0002 என்று நான்கிலக்க எண் போட்டிருப்பார்கள்.

பொறியியலில் கட்டுரையைவிடக் காப்புரிமைதான் தகராறு. விண்ணப்பம் 18 மாதம் கழிந்தால் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் தானாக வெளியாகும். அது வழங்கப்பட்ட காப்புரிமை ஆகாது. இரண்டுக்கும் தனி நிரல் வேண்டும். வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழை ‘பேடன்ட்’ என்று கொண்டுவருபவர்களும் உண்டு. அது 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பொருளின் தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்பு. மறுத்தால் மனஸ்தாபம்தான், ஆனாலும் மறுக்க வேண்டும்.

பொருளியலாரும் கணினித் துறையாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இரு துறைப் பட்டியலிலும் ஒன்றாக நிற்கும்; பல்கலைக்கழக மொத்தத்தில் ஒருமுறைதான். துறைவாரிக் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போகாது என்பதை அறிக்கையின் தலையிலேயே எழுதிவிடுங்கள், நிதி அலுவலர் கேட்கும் முன். ஆண்டுக் கணக்கும் இப்படித்தான்: டிசம்பரில் இணையத்தில் வந்து மார்ச் இதழில் அச்சான கட்டுரைக்கு எந்த ஆண்டு என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். கட்டுரைகள் காலண்டர் ஆண்டில், ஆய்வு நிதி ஏப்ரல்–மார்ச் நிதியாண்டில்.

கடைசியாக ஒரு சலிப்பு: வெளியான பின் பிழையோ முறைகேடோ தெரிந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். 2023இல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 8,000க்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. பலவும் சிறப்பிதழ்களில் வந்தவை. என்ஐஆர்எஃப் 2025இல் இவற்றுக்குக் கழித்தல் மதிப்பெண்ணும் கொண்டுவந்தது. இத்தகைய கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவை 2023 முதல், டிஓஐ பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப் இலவசமாகத் தருகிறது; உங்கள் டிஓஐ நிரலை அதனோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். பொருந்தும் வரியை அழிக்காமல் தனித்தாளில் வைத்து, அந்தந்த ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கோபஸுக்கு அனுப்பிய திருத்தங்கள் ஏற வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தரவு கேட்டுக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் ஜூலையிலேயே தொடங்கிவிடுவது உத்தமம்.